நெல் சுணை பட்ட கண்ணுக்குப் பழைய சொட்டு மருந்து ஏன்? மூன்று ஆய்வு மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாடிப்பட்டிப் பக்கம் கதிர் அறுக்கும்போது உங்கள் அப்பா கண்ணில் நெல் சுணை பட்டிருக்கிறது. நாலைந்து நாள் உறுத்தலும் சிவப்பும் இருந்து, அப்புறம் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. மதுரைக்குக் கூட்டி வந்து காட்டியதில், புண்ணைச் சுரண்டிப் பார்த்து, பூஞ்சைதான் என்று சொல்லி, நேட்டாமைசின் சொட்டு மருந்தை மணிக்கு ஒரு தடவை விடச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் பி.எஸ்சி. படிக்கிறவர், இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். வோரிகோனசோல் என்ற புது மருந்து கண்ணுக்குள் நன்றாக ஊடுருவுகிறது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இரண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்லை என்கிறது இன்னொன்று. நேட்டாமைசின்தான் மேல் என்கிறது மூன்றாவது. "எதை நம்புவது? அப்பாவுக்கு மட்டும் ஏன் பழைய மருந்து?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்குக் கொடுத்திருப்பது சரியான மருந்து. நீங்கள் படித்த மூன்று கட்டுரைகளிலும் பொய் இல்லை. ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அது புரிந்தால் இந்தக் குழப்பம் தீரும். கண் வைத்தியம் மட்டுமல்ல, எந்த மருத்துவ ஆய்வைப் படித்தாலும் இது உதவும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவின் கண்ணுக்கு எது நல்லது என்பதைத் தீர்த்து வைத்த ஆய்வில் பெரும்பங்கு நடந்தது நம் மதுரையில். அதில் சேர்ந்தவர்களும் உங்கள் அப்பாவைப் போல இதே நோயோடு வந்த நம் பக்கத்து ஜனங்கள்தான்.

நான் கண் வைத்தியர் இல்லை. நுண்ணுயிரியல் படித்து, இப்படிச் சுரண்டி எடுத்த மாதிரிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகியவன். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. கருவிழிப் புண் எவ்வளவு பேருக்கு வருகிறது என்றே யாரும் எண்ணாத காலம் ஒன்று இருந்தது. 1993-ம் ஆண்டில் மதுரை மாவட்டத்தில் இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 113 பேர் என்று வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஓல்ம்ஸ்டெட் பகுதியில் 1980-களில் எடுத்த கணக்கு ஒரு லட்சத்துக்கு 11. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். இப்படிப்பட்ட ஆய்வில் மருந்து கிடையாது, சோதனைக் குழாய் கிடையாது. பழைய பதிவேடுகளைப் புரட்டி எண்ணுவதுதான் வேலை. ஆனால் இந்த எண் வராமல் இருந்திருந்தால் அடுத்து வந்த எதற்கும் பணமும் கிடைத்திருக்காது, ஆளும் கிடைத்திருக்காது. இதில் ஒரு குறையும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வராமல் ஊரிலேயே கைவைத்தியம் பார்த்துக்கொண்டு கண்ணில் பூ விழுந்து போனவர்கள் இந்த 113-ல் இல்லை. உண்மையான எண் இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி, புண்ணில் இருப்பது என்ன கிருமி? 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை டாக்டர் எம். சீனிவாசனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராக ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்குக் கருவிழியில் முன்பே அடிபட்டிருந்தது. 297 பேரின் மாதிரியில் கிருமி வளர்ந்தது. அதில் பாக்டீரியா மட்டும் 140, பூஞ்சை மட்டும் 139. கிட்டத்தட்டச் சரிபாதி! குளிர் நாட்டுப் பாடப்புத்தகங்களில் கருவிழிப் புண் என்றால் பாக்டீரியா, அதுவும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வருவது என்றுதான் இருக்கும். அதை அப்படியே நம்பி இங்கே வைத்தியம் பார்த்திருந்தால் பாதிப் பேருக்குத் தவறான மருந்து போயிருக்கும்.

மாதங்களையும் கவனியுங்கள். தை, மாசி நம் பக்கம் அறுவடைக் காலம். அதனால் பூஞ்சையின் பங்கு ஆண்டு முழுவதும் இதே அளவுதான் இருக்கும் என்று இந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்லக்கூடாது. ஆய்வு எங்கே, எந்த மாதத்தில், யாரிடம் நடந்தது என்று பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முடிவுரையைப் படிக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

பூஞ்சைகளில் ஏறக்குறையப் பாதி ஃபியூசேரியம். அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ். ஃபியூசேரியம் உங்களுக்கு வேறு விதத்தில் அறிமுகமாகியிருக்கும். வாழையில் வாடல் நோய் என்று தேனிப் பக்கமும் சோழவந்தான் பக்கமும் விவசாயிகள் சொல்வார்களே, அதைக் கொடுப்பது இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு வகை. மண்ணிலும் மட்கிய தழையிலும் இது சாதாரணமாக இருக்கும். நல்ல கருவிழியின் மேல்தோலைத் தாண்டி அதனால் உள்ளே போக முடியாது. நெல் சுணையோ கரும்புத் தோகையோ ஒரு கீறல் போட்டுவிட்டால் வழி கிடைத்துவிடுகிறது.

உங்கள் அப்பாவின் புண்ணைச் சுரண்டினார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதில் இரண்டு வேலை நடக்கிறது. சுரண்டியதில் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். அது மனித செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் உறுதியானது என்பதால் இழை மட்டும் கிளைவிட்டுத் தெரியும். சில நிமிடத்தில் 'பூஞ்சை' என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் பூஞ்சை என்று இதில் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மீதியை ஊட்டத் தட்டில் வளர்க்க வேண்டும். அந்தக் கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. எதையாவது தொடங்கித்தான் ஆக வேண்டும். 'எதை?' என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

இனி மருந்துகள். நேட்டாமைசின் 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதி மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிடமிருந்து வந்தது. பூஞ்சையின் மேல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையை முடக்குகிறது. 1978-ல் அமெரிக்காவில் கண் மருந்தாக அனுமதி கிடைத்தது. இதற்கு ஒரு குறை உண்டு: கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவாது. வோரிகோனசோல் வேறு வகை. எர்கோஸ்டெரால் உண்டாவதையே தடுக்கும். 2002-ல் உடம்புக்குள் பரவும் பூஞ்சைத் தொற்றுக்காக அனுமதி பெற்ற மருந்து அது. ஊசி மருந்துத் தூளைக் கரைத்துச் சொட்டு மருந்தாக்கிக் கண்ணில் விடுகிறார்கள். ஊடுருவல் நன்றாக இருக்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். சோதனைத் தட்டில் பல பூஞ்சைகளை, குறிப்பாக ஆஸ்பெர்ஜில்லஸை, மிகக் குறைந்த அளவிலேயே அடக்குகிறது. நீங்கள் படித்த முதல் கட்டுரை இந்த ரகம். உலகம் முழுவதும் கருவிழி வைத்தியர்கள் பலர் இதைப் படித்துவிட்டு வோரிகோனசோல்தான் இனி என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்ததில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் தட்டில் செய்யும் சோதனை எதை அளக்கிறது என்று பாருங்கள். பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்த மிகக் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து வேண்டும் என்பதை மட்டும்தான். அந்த எண் சிறியதாக இருந்தால் மருந்து வீரியமானது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணில் விடும் நேட்டாமைசின் 5 சதவீதம். வோரிகோனசோல் 1 சதவீதம். விடும்போதே ஐந்து மடங்கு வித்தியாசம். நேட்டாமைசின் கரையாத தூளாக இருப்பதால் புண்ணின் மேலேயே வெள்ளையாகப் படிந்து தங்குகிறது; கரைசலாக இருப்பது கண்ணீரோடு ஓடிவிடும். தட்டில் கண்ணீர் கிடையாது, இமை கொட்டுவது கிடையாது, வெள்ளை அணுக்கள் கிடையாது. தொட்டியில் வைத்த நாற்று செழிப்பாக வந்ததைப் பார்த்து, வயலில் எத்தனை மூட்டை காணும் என்று சொல்ல முடியாது அல்லவா? தட்டுச் சோதனை தேவைதான். எந்த மருந்தை மனிதரிடம் சோதித்துப் பார்க்கலாம் என்று அது சொல்லும். எந்த மருந்தை உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

சரி, அடுத்த இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம். உங்களைக் குழப்பியது இவைதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் நடத்தியது அரவிந்த் மருத்துவமனையும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்துதான். இரண்டிலும் முன்னால் நின்றவர் மதுரையின் டாக்டர் வெங்கடேஷ் பிரஜ்னா. அதே ஆட்கள், அதே நோய், அதே இரண்டு மருந்து. முடிவு மட்டும் வேறு. ஏன்?

2010-ல் வெளியான முதல் ஆய்வில் 120 பேர். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது வோரிகோனசோல் பக்கம் ஏறக்குறைய ஒரு வரி கூடுதலாக இருந்தது. கண் பரிசோதனை அட்டையில் எழுத்து வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகுமே, அதில் ஒரு வரி. ஆனால் அந்த அளவு வித்தியாசம் குலுக்கலின் தற்செயலாலேயே வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. ஆகவே, 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதினார்கள்.

இந்த வாக்கியத்தை நீங்கள் 'இரண்டும் ஒன்று' என்று படித்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள், செய்தித்தாள்கள் உட்பட. அந்த வாக்கியம் அதைச் சொல்லவில்லை. '120 பேரை வைத்துப் பார்த்ததில் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை' என்றுதான் சொல்கிறது. பூஞ்சைப் புண் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் இரண்டாம் நாளே வருவார், இன்னொருவர் இருபதாம் நாள் வருவார். ஒருவருக்குப் புண் ஓரத்தில், இன்னொருவருக்கு நட்ட நடுவில். இவ்வளவு ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஒன்றிரண்டு வரி வித்தியாசத்தைப் பிடிக்க ஆள் எண்ணிக்கை வேண்டும்.

அதனால்தான் பெரிதாக இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் நிதியோடு, மதுரை, கோயம்புத்தூர், புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 2010, 2011-ம் ஆண்டுகளில் நடந்தது. சேர்ந்தவர்கள் 323 பேர். முதல் ஒரு வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாம் வாரம் முடியும்வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு. உங்கள் அப்பாவுக்குச் சொன்ன 'மணிக்கு ஒரு தடவை' என்பதும் இதே கணக்குதான், பார்த்தீர்களா?

குலுக்கல் ஏன் என்று சில பேர் கோபமாகவே கேட்பார்கள். "மனுஷன் கண்ணை வைத்துச் சீட்டுக் குலுக்குவதா?" என்று. வைத்தியரே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? மோசமான புண்ணுக்குப் புது மருந்தைக் கொடுக்கத் தோன்றும், லேசான புண்ணுக்குப் பழையதே போதும் என்று தோன்றும். கடைசியில் புது மருந்து வாங்கியவர்களின் பார்வை குறைவாக இருந்தால், குறைத்தது மருந்தா, முதலிலேயே மோசமாக இருந்த புண்ணா? சொல்லவே முடியாது. குலுக்கல் போட்டால் மோசமானதும் லேசானதும், வயதானவரும் இளையவரும், முன்னால் வந்தவரும் பின்னால் வந்தவரும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள். நமக்குத் தெரியாத காரணங்கள்கூடச் சமமாகப் பிரியும். அதற்கு வேறு எந்த வழியும் கிடையாது. அப்புறம், எது நல்லது என்று உண்மையிலேயே யாருக்கும் தெரியாதபோதுதான் குலுக்கலுக்கு நியாயம் உண்டு. இங்கே அப்படித்தான் இருந்தது. முந்தைய சிறிய ஆய்வு வோரிகோனசோல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பார்வையை அளக்கிறவருக்கு யார் எந்த மருந்து வாங்குகிறார் என்பது தெரியக்கூடாது என்பதிலும் கவனமாக இருந்தார்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கடைசி வரியில் ஒரு எழுத்தை நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, 'இன்னொரு தடவை பாருங்க ஐயா' என்று ஊக்குவதா, அத்தோடு விடுவதா என்பதில் அளப்பவரின் மனச்சாய்வு நுழைந்துவிடும். நேட்டாமைசின் கருவிழியில் வெள்ளையாகப் படிவதால் சிகிச்சை பார்க்கிற வைத்தியர் ஊகித்துவிடலாம். அதனாலேயே பார்வையை அளப்பவர் தனி ஆளாக இருப்பது முக்கியம்.

முடிவு 2013-ல் வெளியானது. மூன்று மாத முடிவில் நேட்டாமைசின் வாங்கியவர்களின் பார்வை சராசரியாக 1.8 வரி மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாகிப் போவதும், உடனடியாகக் கருவிழி மாற்று அறுவை செய்ய வேண்டிய நிலையும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆறாம் நாள் மறுபடி சுரண்டி வளர்த்துப் பார்த்தபோது பூஞ்சை இன்னும் உயிரோடு இருந்தவர்களும் நேட்டாமைசின் பக்கம் கணிசமாகக் குறைவு. முதலில் 368 பேரைச் சேர்ப்பதாகத்தான் திட்டம். இடையிலேயே எண்களைப் பார்த்த தனிக் கண்காணிப்புக் குழு, இனிமேல் ஆள் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எது நல்லது என்று தெரிந்துவிட்ட பிறகு குலுக்குவது நியாயம் இல்லை.

உங்கள் அப்பாவுக்கு மிக நெருக்கமான விஷயம் அதற்குள் இருக்கிறது. ஃபியூசேரியம் வந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் 4.1 வரி. அது ஒரு மனிதர் தனியாக வரப்பில் நடந்து போவதற்கும், கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியதற்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். மற்ற பூஞ்சைகளில் இரண்டு மருந்துக்கும் இடையே ஏறக்குறைய வித்தியாசமே இல்லை.

இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கும் முடிவுகளை நான் பொதுவாக எளிதில் நம்ப மாட்டேன். நோயாளிகளை வயது, ஊர், தொழில் என்று இருபது விதமாகப் பிரித்துப் பார்த்தால் எங்காவது ஒரு இடத்தில் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தென்படும். இதை மட்டும் ஏன் நம்புகிறேன் என்றால், பிரித்த விதத்துக்கு உயிரியல் காரணம் இருக்கிறது. ஃபியூசேரியத்தை வோரிகோனசோல் அடக்கச் சோதனைத் தட்டிலேயே அதிக அளவு தேவைப்படுகிறது, நேட்டாமைசின் அதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. பார்வை, ஓட்டை, ஆறாம் நாள் கல்ச்சர் என்று தனித்தனியாக அளந்தவையும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒரு முடிவைப் பல பக்கமிருந்து தட்டிப் பார்த்தும் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

2017-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நேட்டாமைசின் கண் சொட்டு மருந்தைச் சேர்த்தது. கிராமத்து விவசாயிகளின் நோய்க்கு, அந்த விவசாயிகளிடமே கேட்டுப் பெற்ற பதில் உலகம் முழுவதற்கும் போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். அதை மறைக்க விரும்பவில்லை. 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய இடம்தான் இந்த அரவிந்த் மருத்துவமனை.

'சரி, சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே?' என்று அடுத்துக் கேட்பீர்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். மோசமான புண்ணோடு வந்த 240 பேரில், இந்தியாவிலும் நேபாளத்திலும். மாத்திரை சேர்த்ததால் ஓட்டையாவதோ அறுவைக்குப் போவதோ ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. கருவிழியில் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சும் முறையையும் மதுரையில் 111 பேரிடம் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு: பயன் இல்லை, பார்வை இன்னும் குறைவாகத்தான் இருந்தது. ஆய்வகத்தில் அந்த ஒளி பூஞ்சையைக் கொல்லும் என்று நம்பிக்கை தந்த முறை அது. 'கூடுதலாக ஒன்று சேர்த்தால் கெடுதல் இல்லையே' என்ற எண்ணத்தை இந்த இரண்டு ஆய்வும் நன்றாகவே உடைத்துவிட்டன. என் கருத்தில், பயன் இல்லை என்று காட்டிய இந்த ஆய்வுகளுக்கு, பயன் காட்டிய ஆய்வுக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் வீண் மாத்திரையிலிருந்தும் வீண் செலவிலிருந்தும் தப்பித்திருப்பார்கள்!

ஆய்வகத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அங்கேயே இருந்தவன். புண் ஏன் கருவிழியைக் கரைக்கிறது என்று எந்தக் குலுக்கல் ஆய்வும் சொல்லாது. மாற்று அறுவையில் வெட்டி எடுத்த கருவிழித் திசுக்களைப் பார்த்தபோது அங்கே நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள்தான் பெரும்பான்மை என்று தெரிந்தது. பூஞ்சையைக் கொல்ல வரும் அந்த அணுக்கள் விடும் நொதிகளும் கருவிழியின் நாரைச் சிதைக்கின்றன. எலிகளில் இதே தொற்றை உண்டாக்கி, எந்த மூலக்கூறு அந்த அணுக்களை அழைக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். நோயாளிகளின் கண்ணீரில் எந்தப் புரதம் கூடுகிறது என்று மதுரையிலேயே அளந்திருக்கிறார்கள். இந்த வேலையிலிருந்துதான் அடுத்த மருந்து வரும். அது வரும்போது அதையும் மனிதரிடம் குலுக்கிப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

இங்கே ஸ்டீராய்டு பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளை அணுக்கள்தான் திசுவைக் கெடுக்கின்றன என்றால் ஸ்டீராய்டு சொட்டு விட்டு அடக்கிவிடலாமே என்று தோன்றும். பாக்டீரியாப் புண்ணில் அதைச் சோதித்தார்கள். 500 பேர், பெரும்பாலோர் அரவிந்த் நோயாளிகள். முடிவு 2012-ல் வந்தது. முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து, அப்புறம் ஸ்டீராய்டு சேர்த்ததில், மூன்று மாதத்தில் மொத்தமாகப் பார்த்தால் பார்வையில் வித்தியாசம் இல்லை. அது பாக்டீரியாவுக்கு. பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிட்டது போல் ஆகும். அடங்கியது போலத் தெரிந்து உள்ளே பரவும். கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. தயவுசெய்து வீட்டில் அப்படி ஏதாவது பாட்டில் இருந்தால் அப்பா கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

முன்கூட்டியே தடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் மாவட்டத்துக் கிராமங்களிலேயே ஊர் சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கி, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு உடனே களிம்பு போட்டுப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது. ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக் களிம்பும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பும். இன்னொரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்கும் வெறும் களிம்பும். இரண்டு குழுவிலும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கீறல் நல்லபடியாக ஆறியது. படித்ததும் 'களிம்பு காப்பாற்றுகிறது' என்று தோன்றும். ஆனால் எந்த மருந்தும் போடாத குழு அதில் இல்லை. கீறல் பெரும்பாலும் தானாகவே ஆறும். பின்னாளில் நேபாளத்தில் இதையே ஊர் ஊராகக் குலுக்கி, சில ஊர்களில் இந்தத் திட்டத்தோடும் சில ஊர்களில் இல்லாமலும் பார்த்தார்கள். புண் வரும் எண்ணிக்கை குறையவில்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாத ஆய்வு எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்ததாக இருந்தாலும் அதன் முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும். எனக்கு இது வருத்தமான முடிவுதான். களிம்பு வேலை செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இப்போதைக்கு அறுப்பிலும் கதிரடிப்பிலும் கரும்பு வெட்டிலும் கண்ணாடி போட்டுக்கொள்வதும், கண்ணில் ஏதாவது பட்டு ஒரு நாளைக்கு மேல் உறுத்தினால் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் என்று எதையும் விடாமல் நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதும்தான் வழி. உங்கள் ஊரில் இதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

அப்பாவுக்கு நேட்டாமைசின் விடும்போது ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் நீர்தான் கண்ணில் விழும். கருவிழியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதைத் துடைத்து எடுக்கவும் வேண்டாம். பூஞ்சைப் புண் ஆற வாரக் கணக்கில் ஆகும். நாலு நாளில் தெளியவில்லை என்று மருந்தை நிறுத்துவதோ, ஆஸ்பத்திரி மாற்றி மாற்றிப் போவதோ வேண்டாம். வலி கூடினால், வெள்ளை பரவினால், கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் கட்டியது போல் ஒரு கோடு தெரிந்தால், திடீரென்று கண்ணிலிருந்து வெதுவெதுப்பாக நீர் கொட்டினால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

அடுத்த தடவை போகும்போது கல்ச்சர் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஃபியூசேரியம் என்று வந்திருந்தால், நேட்டாமைசினை விடாமல் தொடர அந்த 4.1 வரிதான் காரணம். ஆஸ்பெர்ஜில்லஸோ வேறு எதுவோ என்று வந்து, புண் ஆறுவது மெதுவாக இருந்து, வைத்தியர் வோரிகோனசோலைச் சேர்க்கவோ மாற்றவோ சொன்னால், முதலில் கொடுத்தது தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பூஞ்சைகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அதே ஆய்வு சொல்வதால், கண்ணில் தெரிகிற மாற்றத்தைப் பார்த்து முடிவெடுக்க அவருக்கு அங்கே இடம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் பூஞ்சையின் பெயர் என்ன என்று எழுதுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் மேற்கொண்டு சொல்கிறேன்.